பதில் வரும்வரை

காலையில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் அவர் கடைப்பெண்ணைப் பார்த்து ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்வார். சொல்லிவிட்டு நிற்பார். அந்தப் பெண் தட்டில் ரொட்டி அடுக்கியபடியே "என்ன வேண்டும்?" என்பாள். இவர் வாய் திறக்கமாட்டார். முகத்தில் கோபமும் இருக்காது. தலையைச் சற்றே சாய்த்து, பாட்டில் அடுத்த அடிக்குக் காத்திருப்பவரைப்போல் நிற்பார். பின்னால் வரிசை நீளும். யாரோ செருமுவார்கள்.

"அக்கா, ரயில் போயிடும்" என்பேன் நான்.

"போகட்டும் தம்பி. பிள்ளை இன்னும் வணக்கம் சொல்லேல்லை."

கடைசியில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்வாள், ஏனோ சிரித்தும்விடுவாள். அதற்குப் பிறகுதான் ரொட்டி. நாங்கள் வெளியே வரும்போது தொங்கு ரயில் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். வுப்பர்டாலில் இருந்த இரண்டு வருடங்களில் அவரால் நான் தவறவிட்ட ரயில்கள் அநேகம்.

இப்போது மியூனிக்கில் இருக்கிறேன். போன வாரம் அலுவலகம் போகும் வழியில், மறைந்துபோன ஒரு 'சோல்' இசைப் பாடகியைப் பற்றி வானொலியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் பாடத் தொடங்கி உலகமெல்லாம் போன குரல் அது. பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து எதை எதை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பேராசிரியர் சொல்லிக்கொண்டு போனார். பெரிய பெரிய பெயர்களாக வந்தன. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்த மன்னார்ப் பெண்மணி ஒருவரும் அந்த வரிசையில் வருவார் என்று நான் முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். நிகழ்ச்சி முடிந்து வானிலை அறிக்கை வந்துவிட்டது.

அந்த அக்காவின் பெயரை நானும் எழுதப்போவதில்லை. எழுதினால் "ஏன் எழுதினனீர்?" என்று கேட்டுவிட்டு, நான் காரணம் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கமாட்டார்.

வுப்பர்டாலில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கன். பூசைக்குப் போன முதல் மாதமே, பாடற்குழுவுக்குப் பொறுப்பான அந்தோனி அண்ணை என் தோளில் கை வைத்து, "நீர் எஞ்சினியர்தானே, இந்தப் பெட்டியை ஒருக்காப் பாரும்" என்று ஒலிபெருக்கி மிக்ஸர் முன் உட்காரவைத்துவிட்டார். நான் படித்தது பம்புகளின் வடிவமைப்பு. ஆனால் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்களிடம் இல்லையென்று சொல்ல எனக்கு வராது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள், பள்ளிக்கூடப் படி ஏறாதவர்கள். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும், வயலுக்கு மருந்து வாங்கினாலும், அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் மிக்ஸரையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

அங்கே சிக்கல் கருவியில் இல்லை, அவரிடம்தான் இருந்தது.

எங்கள் குழுவில் வாத்தியக்காரர்கள் கிடையாது. சென்னையில் காசு கொடுத்துச் செய்வித்த பின்னணி இசை பென்டிரைவில் இருக்கும். அதை டிராக் என்பார்கள். நான் பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழலும் தபேலாவும் புறப்படும். பாடுகிறவர்கள் அதன் கூடவே ஓடிப் பிடிக்க வேண்டும். டிராக் யாருக்காகவும் நிற்காது. அவரோ முதல் வரியைப் பாடிவிட்டு நிற்பார். கோவிலில் இருக்கும் நூறு பேரும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் வந்த பிறகே அடுத்த வரி. ஜெர்மனியில் நாற்பது வருடம் இருந்து எங்கள் ஆட்களும் கோவிலில் மூச்சு விடாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதற்குள் டிராக் மூன்றாம் வரியைத் தாண்டியிருக்கும்.

"இது பாட்டில்லை அக்கா, விசாரணை" என்றார் அந்தோனி அண்ணை ஒரு நாள் ஒத்திகையில். "நீங்கள் கேக்கிறியள், சனம் முழுசுது."

"மனிசி அப்பிடித்தான் பாடுவா."

"மனிசி அமெரிக்காவிலை பாடினவ. இது வுப்பர்டால்."

மனிசி என்று அவர் சொன்னது அந்தப் பாடகியை. வேறு பெயரால் அவர் குறிப்பிட்டு நான் கேட்டதேயில்லை. பாடகி இறந்த மாதம், தமிழ்ப் பூசையில் மரித்தவர்களுக்கான மன்றாட்டில் அவரையும் சேர்க்கச் சொல்லி அக்கா அந்தோனி அண்ணையிடம் போயிருக்கிறார். "அவ என்ன எங்கட தமிழ்க் கத்தோலிக்கப் பணியகத்து ஆளோ?" என்று அண்ணை கேட்க, "ஓம், எங்கட ஆள்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா மேசை முன் நின்றுகொண்டாராம். "இருபது நிமிசம்! எனக்குப் பூசைக்கு மணியடிக்கவும் ஏலாமல் போச்சு. கடைசியிலை எழுதிக் குடுத்தன்" என்று அந்தோனி அண்ணையே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்தப் பாடகியின் பாட்டு அக்காவுக்குக் கிடைத்தது அகதி முகாமில். அவரும் தங்கச்சியும் வந்த புதிதில், பக்கத்து அறையிலிருந்த கானா நாட்டுப் பெண் வேறு ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை இவர்களிடம் விட்டுப்போனாள். தேவாலயமொன்றில் சனத்தின் நடுவே பாடிப் பதிவுசெய்த கேசட். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஆங்கிலம் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"ஆனால் தம்பி, அவ ஒரு வரி பாடிப்போட்டு நிப்பா. பின்னாலை இருந்து சனம் சத்தம் போடும். அந்தச் சத்தம் காணாதெண்டால் அவ அடுத்ததுக்குப் போகமாட்டா, அதே வரியை இன்னொருக்காப் பாடுவா. எங்களுக்கு அது விளங்கிச்சுது. தவக்காலத்திலை எங்கட ஊர்க் கோயிலிலையும் ஒரு பக்கம் பாட மற்றப் பக்கம் சொல்லும். நான் மனிசியின்ர வரியைப் பாடுவன், தங்கச்சி சனமாகிடுவாள். அவள் ஒருத்தி நூறு பேர்."

பிறகு இருவருக்கும் ஒரே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்பு வெளியே வரும். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு விரிப்பின் இரு முனைகளிலும் இவர்கள். அக்கா ஒரு வரி, தங்கச்சி ஒரு சத்தம், விரிப்பு ஒன்று. மற்ற நாட்டுப் பெண்களும் நாளடைவில் பதில் சத்தம் போடப் பழகிக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் முதலில் கத்திப் பார்த்தார். மடிப்பு வேகம் கூடியதைப் பார்த்து விட்டுவிட்டார்.

நான் அவரை அறிந்த காலத்தில் தங்கச்சி அவரோடு பேசுவதில்லை. வேலையில் நேரத்தை மாற்றிக்கொண்டு மாலை முறைக்குப் போய்விட்டார். ஒரே ஊர், நான்கு நிறுத்தம் தள்ளி வீடு. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தங்கச்சியின் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும் என்பதே அப்போது அவருக்கு இருந்த ஒரே வேண்டுதல்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் பழைய ஒலிவாங்கியின் வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை மேசையில் கைபேசியை வைத்துத் தங்கச்சியை அழைத்தார். எடுக்கப்பட்டது.

"சாப்பிட்டியோ?" என்றார்.

பதில் இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடியது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. இவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து போனால் நாற்காலி சத்தம் போடும் என்று அசையாமல் இருந்தேன். குழாய் நின்றது. மூச்சு மட்டும். பிறகு அதுவும் அறுந்துபோனது.

"போன கிழமையைவிடக் கூட நேரம் நிண்டவள்" என்றார், எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல.

"என்ன பிரச்சினைக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவரைப்போலவே நானும் பேசாமல் இருந்தேன். அப்போதுதான் சொன்னார்.

நாற்பது வருடங்களுக்கு முன், வந்து சேர்ந்த வாரத்தில், அகதிகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுக்குள் இருந்தால் கூட வந்த அக்காவோடு விட்டுவிடுவார்கள் என்று வரிசையில் நின்ற யாரோ சொன்னார்கள். தங்கச்சிக்கு அப்போது இருபத்தொன்று. ஒல்லியான உடம்பு. மேசைக்கு முன்னால் போனதும் மொழிபெயர்ப்பாளர் தங்கச்சியைப் பார்த்துத்தான் வயதைக் கேட்டார். தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: பதினேழு. பிறந்த வருடமும் சொன்னார். இருவரையும் ஒரே முகாமுக்கு அனுப்பினார்கள்.

அந்த நான்கு வருடம் காகிதத்தில் அப்படியே கிடந்தது. தங்கச்சிக்கு அறுபது ஆனபோது ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காகிதத்தில் ஐம்பத்தாறு, ஓய்வு அறுபத்தேழில். இன்னும் பதினொரு வருடம் நின்று விரிப்பு மடிக்க வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டிருந்தன. அலுவலகத்துக்குப் போய் இருவரும் உண்மையைச் சொன்னார்கள். முதன்முதலில் கொடுத்த பிறந்த திகதிதான் செல்லும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே படியில் வைத்துத் தங்கச்சி கடைசியாகப் பேசினார்.

"என்ன சொன்னவள் தெரியுமோ? 'அண்டைக்கு என்னட்டைத்தான் கேட்டவங்கள். நீ சொன்னாய்.' அவ்வளவும்தான் தம்பி."

உலகத்தில் எல்லாரிடமும் பதிலுக்கு நின்ற மனுஷி. பற்றவைக்கும் கம்பி கையில் ஆறிப்போயிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல.

"என் பிறந்தநாளும் பொய்தான்கா" என்றேன். "ஸ்கூல்ல சேக்கிறப்போ எங்கப்பாவுக்குத் தேதி தெரியல. வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொன்னாரு ஹெட்மாஸ்டர். தொட்டேன். அவரே ஒரு தேதி போட்டுட்டாரு."

"உம்மட்டைக் கேட்டவரோ?"

"எனக்கு அஞ்சு வயசுக்கா."

"அப்ப உமக்குக் கோவமில்லை."

"இல்லக்கா."

"அவளுக்கு இருபத்தொண்டு" என்றார்.

அவர் நிற்பதில் எனக்கு எப்போதும் பிரியம் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு முறை, "வீட்டை எப்ப கதைச்சனீர்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். தலை சாய்ந்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் மியூனிக் வேலையைப் பற்றிப் பேசினேன், பனியைப் பற்றிப் பேசினேன். அவர் இன்னும் அந்தக் கேள்வியிலேயே நின்றார். கடைசியில், ஒரு மாதமாகப் பேசவில்லை, எப்போது வருவாய் என்று அம்மா கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று கொட்டிவிட்டேன். அன்று அவர்மேல் எனக்கு வந்தது ஆத்திரம். அடுத்த நாள் ஊருக்குப் பேசினேன் என்பது வேறு விஷயம்.

அந்த மார்ச் மாதம் மன்னாரில் அவர்களின் அம்மா இறந்துபோனார். இறுதிச் சடங்கை அக்காவும் தங்கச்சியும் தத்தமது வீட்டில் தனித்தனியாகக் கைபேசியில் பார்த்தார்கள். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை வுப்பர்டாலில் என்று முடிவானது. தங்கச்சி வருவதாக அந்தோனி அண்ணையிடம் சொல்லியிருந்தார், அக்காவிடம் சொல்லவில்லை.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்கியபின் வரும் பாட்டை அக்கா பாட வேண்டும். ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தோனி அண்ணை என்னிடம் வந்தார். அவர் கெட்டவரில்லை. பூசைக்குக் கடன் வாங்கிய ஜெர்மன் கோவில் அது. ஆறு மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். போன மாதம் பாட்டு நடுவில் நின்று சனம் சிரித்ததை அவர் மறக்கவில்லை.

"தம்பி, டிராக் ஓடத் தொடங்கினால் கை வைக்காதேயும். அவ நிண்டால் சின்னப்பிள்ளை மற்ற மைக்கிலை எடுத்துப் பாடுவாள், சொல்லி வைச்சிருக்கிறன். இந்த முறையும் நிண்டாவெண்டால் இதுதான் அவவுக்குக் கடைசிப் பாட்டு. சொல்லிப்போட்டன் அவவுக்கும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'ஓம்' எண்டவ. அவவின்ர 'ஓம்'ஐ நம்ப ஏலுமோ?"

பூசையன்று அவர் என் மேசைக்கு வந்தார். டிராக்கை நிறுத்து என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "வயர் இறுக்கமோ பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். போய்விட்டார்.

பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேசையில் அம்மாவின் படம். பாட்டு முடியும்வரை குடும்பத்தவர்கள் மெழுகுதிரியோடு அதன் பக்கத்தில் நிற்பது அவர்கள் வழக்கம். குடும்பம் என்று அங்கே இருந்தது தங்கச்சி ஒருவர்தான். மற்றவர் பாட வேண்டியவர். தங்கச்சி கறுப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் திரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். அக்காவைப் பார்க்கவில்லை.

நான் பொத்தானை அழுத்தினேன். புல்லாங்குழல் வந்தது. அக்கா முதல் வரியைப் பாடினார். கூட்டத்தைப் பார்த்துப் பாடவில்லை. படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடினார். பாடிவிட்டு நின்றார்.

டிராக் இரண்டாம் வரிக்குப் போனது. அந்தோனி அண்ணை கையைச் சுழற்றிக் காட்டினார்: போ, போ. அக்கா அசையவில்லை. தலை சாய்ந்துவிட்டது. மற்ற ஒலிவாங்கியைப் பிடித்திருந்த சிறுமி அந்தோனி அண்ணையைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார். அவள் மூச்சை இழுப்பது என் ஹெட்போனில் கேட்டது.

ஒரு வருடமும் நான்கு மாதமும் அந்தப் பெண்மணி ஒரு தொலைபேசிக்கு முன்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியும். அங்கே வேறு யாருக்கும் தெரியாது. இதை நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. டிராக்கை நிறுத்தினேன். திரையில் ஐம்பத்திரண்டாவது விநாடி.

புல்லாங்குழல் பாதியில் அறுந்ததும் கோவில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தோனி அண்ணை எழுந்தார். பீடத்தில் சாமியார் இருப்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். சிறுமி இழுத்த மூச்சை விட்டுவிட்டாள். எங்கோ ஒரு குழந்தை, "அம்மா, முடிஞ்சுதோ?" என்றது.

அக்கா அதே வரியை இன்னொரு முறை பாடினார். இந்த முறை சுருதியைக் கீழே இறக்கியிருந்தார். நின்றார்.

தங்கச்சியின் திரியிலிருந்து மெழுகு விரலில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. சாமியார் கண்ணைத் திறந்து பார்த்தார். டிராக்கைத் திரும்ப ஓட்டிவிடலாமா, மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

"முழங்கால் நோகுது அக்கா" என்றார் தங்கச்சி. அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதியில் கடைசி பெஞ்சுவரை கேட்டது. "கெதியாப் பாடி முடி."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா ஒலிவாங்கியைத் தாங்கியில் வைத்தார். முன் வரிசைக்கு நடந்து போய், வாசகம் வாசிப்பவர் உட்காரும் மரநாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். அறுபத்துநான்கு வயது. பாதி வழியில் இறக்கிவைத்து, மறுபடி தூக்கினார். உதவிக்கு எழுந்த ஒருவரைத் தலையசைத்து உட்காரவைத்தார். நாற்காலியைத் தங்கச்சிக்குப் பின்னால் வைத்துவிட்டு, இரு என்று ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி வந்தார்.

ஒலிவாங்கியை எடுத்து முதல் வரியை மூன்றாவது தடவை பாடினார். இசை இல்லை, அவர் குரல் மட்டும். பாடி முடித்து, தலையைச் சாய்த்து, நின்றார்.

தங்கச்சி அம்மாவின் படத்தைப் பார்த்தார். நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அதன் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, மெல்ல, முழங்கால்கள் மடிய மடிய, உட்கார்ந்தார். மரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் விழுந்து கோவில் முழுக்கக் கேட்டது.

அக்கா இரண்டாம் வரியைத் தொடங்கினார்.